கட் ஷூவில் சுண்டுவிரல் எரிகிறது, ஒரு அளவு கூட்டினால் குதிகால் கழல்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
அலுவலகத்துக்கென்று கூர்முனை கட் ஷூ வாங்கினேன். 3 அங்குல ஹீல், எப்போதும் போடும் 38 அளவுதான். மதியத்துக்குள் சுண்டுவிரல் எரிய ஆரம்பித்துவிடுகிறது. சரி, சின்னதாக இருக்கிறது போல என்று 39-ம் வாங்கினேன். எரிச்சல் அப்படியே இருக்க, குதிகால் வேறு கழன்று கழன்று வருகிறது. அடுத்த மாதம் ஒரு விருந்து, மாலை முழுக்க நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஜோடி போதாதா? என் கால்தான் கோணலா?

பதில் 1:
கோணல் எல்லாம் இல்லை. தாளில் வெறுங்காலோடு நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். உட்கார்ந்து வரையாதீர்கள், எடை இறங்கினால்தான் பாதம் விரியும். மாலையில் வரைந்தால் இன்னும் நல்லது, பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தப் படத்தின் மேல் ஷூவை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நீளத்தில் 38-க்கே இடம் இருக்கிறது. ஆனால் சுண்டுவிரல் பக்கம் கோடு ஷூவுக்கு வெளியே அரை விரற்கடை தள்ளி நிற்கிறது! வலது கால் இடதைவிட ஒரு நூல் பெரிது என்பதும் இன்றுதான் தெரிந்தது.

பதில் 1:
அப்படியானால் குறை அகலத்தில். ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் சுமார் 6.7 மி.மீ. கூடும், அகலம் அவ்வளவு கூடாது. அதனால்தான் விரல் அப்படியே நசுங்க, பின்னால் மட்டும் இடம் விழுந்தது. 38-க்கே திரும்புங்கள், வட்ட முனையில், அகலப் பாதத்துக்கானதாகப் பாருங்கள். கூர்முனைதான் வேண்டுமென்றால், விரல்கள் முடிந்த பிறகு கூராகத் தொடங்குவதாக இருக்க வேண்டும். பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுங்கள், மற்றதில் மெல்லிய இன்சோல் போட்டுக்கொள்ளலாம்.

பதில் 2:
ஹீலையும் பாருங்கள். 3 அங்குலத்தில் எடை முன்பாதத்துக்கு வந்து, கால் வழுக்கி இறங்கி விரலை நெருக்கும். தினமும் போட 2 அங்குலத்துக்குள் பிளாக் ஹீல், அதாவது கட்டை போல அகலமான ஹீல், போதும். விருந்துக்கு உயரம் வேண்டுமென்றால் பிளாட்ஃபார்ம், அதாவது முன்பாதத்துக்கு அடியிலும் தடித்த அடி, வைத்தது: முன்பக்கம் 1 அங்குலம் இருந்தால் 3 அங்குல ஹீலும் காலுக்கு 2 போலத்தான். கணுக்கால் ஸ்ட்ராப் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும். முட்டிவரை உடைக்கு அது காலைக் குட்டையாகக் காட்டும், நீள உடை என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்! ஒன்று மட்டும்: ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றுதான் உடையின் நீளத்தை அளக்கக் கொடுங்கள். நான் மாற்றிச் செய்துவிட்டு ஒரு மாலை முழுக்க உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

பதில் 3:
போடப் போட இளகிவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது அப்படித்தான் சரியானது.

பதில் 1:
உங்களுடையது தோலாக இருந்திருக்கும், அது பக்கவாட்டில் இளகும். ரெக்சின் என்றால் கால்தான் இளக வேண்டும்.

கேட்டவர்:
ரெக்சினேதான். 39-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அகலமான 38 எடுத்தேன்: கறுப்பு, வட்ட முனை, 2 அங்குல பிளாக் ஹீல். தாளின் மேல் வைத்தால் கோடே தெரியவில்லை. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தேன், விரல் பேசவில்லை. விருந்துக்கு ஸ்ட்ராப் வைத்தது தனியாகப் பார்க்கிறேன், ஒரே ஜோடி ஆசையை விட்டாயிற்று. பழைய 38-ஐச் சித்தி மகள் எடுத்துக்கொண்டாள். ஒல்லிக் கால்காரி, அளவெடுத்துத் தைத்தது போல அவளுக்குப் பொருந்துகிறது.