புதுப்பிப்பு: ஃபிரிட்ஜில் வைத்த துலிப் கிழங்குகள்

ஏற்காட்டுக் குளிரில் துலிப் பூக்குமா என்று நவம்பரில் கேட்டிருந்தேன். குளிர் போதாது, 12 வாரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள் என்றீர்கள். வைத்தேன். (வெங்காயம் என்று நினைத்து அம்மா நறுக்கப் போனது தனிக்கதை.)

பிப்ரவரியில் நட்ட 6 கிழங்கில் 4 முளைத்தன. பூத்தது ஒன்றுதான், அதுவும் சாண் உயரத்தில். மற்ற மூன்றிலும் மொட்டு பழுப்புக் காகிதம்போல இலைக்குள்ளேயே காய்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஃபிரிட்ஜில் கிழங்கு இருந்த அதே தட்டில் ஆப்பிளும் வைத்திருந்தேன். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டையே கெடுத்துவிடும்.

அப்புறம், வேலியோரம் யாரும் கவனிக்காத அமரில்லிஸ் (அதுவும் கிழங்குச் செடிதான்)! ஒரே ஒரு கோடை மழைதான். இலை வருமுன்பே தண்டை நீட்டி நாலு சிவப்புப் பூ விட்டிருக்கிறது. சரி, அடுத்த வருஷம் துலிப்புக்குக் காசு கிடையாது.