அலை எழுந்தால் மட்டும் இன்ஜின் இருமுகிறது: ஸ்டட்லண்ட் – லிமிங்டன் வழியில். உதவி தேவை

லிமிங்டன்கரை:
வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் சின்ன மோட்டார் போட் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன். என்னுடையது 6.2 மீட்டர் கேபின் போட், 115 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு (போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்). பழைய போட், இந்த வசந்தத்தில் கைமாற்றி வாங்கியது. டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது, 120 லிட்டர்.

சனிக்கிழமை லிமிங்டனிலிருந்து ஸ்டட்லண்ட் விரிகுடாவுக்குப் போய் இரவு தங்கினோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. ஞாயிறு பிற்பகல் 2.30 வாக்கில் கிளம்பினோம். முன்னறிவிப்பில் காற்று தென்மேற்கு 4, அவ்வப்போது 5 (போஃபோர்ட் அளவில்), இடையிடையே மழை என்றிருந்தது. வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் கால்வாய்க்குள் நுழைந்து, தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் இடுக்காகும் ஹர்ஸ்ட் கோட்டையை நெருங்கும்போது அலை ஒன்றரை மீட்டருக்கு மேல், செங்குத்தாக, அடுத்தடுத்து வந்தது. சரியாக அங்கே நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் 2200-க்கு இறங்கிவிட்டது. த்ராட்டிலைத் தள்ளினால் இருமல். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது, திரும்பவும் விழுந்தது. யார்மவுத் பக்கம் தண்ணீர் அடங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மறுநாள் கட்டிய இடத்திலேயே ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.

இன்ஜின் பிரச்சினை என்னவாக இருக்கும்? இன்னொன்று: காற்று 4 என்றுதானே சொன்னார்கள், அந்த அலை எங்கிருந்து வந்தது? கூட மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த வாரம் வர மாட்டோம் என்கிறார்கள்.

இன்ஜின்காரன்:
முதலில் இதைச் சொல்லுங்கள்: சுழற்சி இறங்கியபோது அலாரம் அடித்ததா? சூடேறினாலோ ஆயில் அழுத்தம் குறைந்தாலோ இந்த வகை இன்ஜின்கள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் பீப் சத்தம் கேட்கும். அலையில் பின்பக்கம் தூக்கி ப்ரொப்பெல்லர் காற்றைக் குடித்தால் சுழற்சி ஏறும், இறங்காது. அலாரம் இல்லாமல் இறங்கி இருமுகிறது என்றால் பத்துக்கு ஒன்பது பெட்ரோல்தான்.

டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் அமைதியாகக் கிடக்கும். அலையில் குலுங்கும்போதுதான் உறிஞ்சும் குழாய்க்கு வரும். கட்டிய இடத்தில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லாததும் அதனால்தான். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

திரும்பவும் வந்தால் பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஒட்டிச் சப்பையாகக் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் துவாரம், உறிஞ்சும் குழாய், வால்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. தொளதொளவென்று இருந்து, அமுக்கினால் இன்ஜின் உயிர் பெற்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது இன்ஜினிலுள்ள பம்ப் களைத்துவிட்டது.

லிமிங்டன்கரை:
அலாரம் அடிக்கவில்லை, நிச்சயம். டேங்க் கால்வாசி இருந்தது. பெட்ரோல் வழக்கமாக பங்கில் போடும் இ10 தான், கேனில் கொண்டுபோய் ஊற்றுவேன். பாட்டில் சோதனை இன்று மாலை.

இன்ஜின்காரன்:
கால்வாசி டேங்க், அதுவும் அலையில்! கசடே இல்லாவிட்டாலும் குழாய் காற்றை உறிஞ்சியிருக்கும். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, மிச்சம் கையிருப்பு என்பதே எல்லாரும் பின்பற்றும் கணக்கு.

2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் போட்டுக்கு இ5 என்று எழுதியிருக்கும் சூப்பர் பெட்ரோலைப் போடுங்கள். விலை அதிகம்தான், என்ன செய்வது.

சோளகம்:
தம்பி, இன்ஜின் கதையை அவர் பார்த்துக்கொள்வார். நான் அலையைச் சொல்கிறேன். முன்னறிவிப்பு பொய் சொல்லவில்லை. 4 என்றால் 11 முதல் 16 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), அது சராசரிக் காற்று. மழை மேகம் ஒன்று கடந்தால் வீச்சு அதைவிட நன்றாகவே கூடும். ஆனால் உங்களை அடித்தது காற்று மட்டும் இல்லை, நீரோட்டம்.

ஹர்ஸ்டில் மேற்கே போகும் ஓட்டம் போர்ட்ஸ்மவுத்தில் கடல் மிக உயரும் உச்ச ஏற்றத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடும். கடல் அதிகமாக ஏறி இறங்கும் பெரு ஏற்ற நாட்களில் அந்த இடுக்கில் 4 நாட்டுக்கு மேல். தென்மேற்குக் காற்று அதற்கு நேர் எதிரே வரும்போது அலை குட்டையாகி, நிமிர்ந்து, உடையும். நீங்கள் சொன்ன அலை அதுதான். காற்று அதே 4 தான், ஓட்டம் திரும்பி கிழக்கே போகும்போது அங்கேயே பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரு ஏற்ற நாட்களில் போர்ட்ஸ்மவுத்தில் உச்ச ஏற்றம் கோடைக்கால நேரப்படி மதியம் ஒரு மணியை ஒட்டி வரும். ஆகவே அந்த வார இறுதிகளில் ஹர்ஸ்டில் பிற்பகல் முழுதும் ஓட்டம் வெளியே போகும். கடல் காற்று தென்மேற்கிலிருந்து வலுக்கும் நேரமும் அதுவே. ஆறு மணியை ஒட்டித்தான் திரும்பும். எட்டாம் பிறையை (அரை நிலவை) ஒட்டிய சின்ன ஏற்ற வாரங்களில் தலைகீழ்: பிற்பகல் ஓட்டமே உங்களை வீட்டுக்கு இழுத்து வரும், வேகமும் குறைவு. வார இறுதிப் பயணத்தை நான் காற்றைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன் நிலவைப் பார்த்து முடிவு செய்வேன்.

இன்னொன்று, இது கொஞ்சம் பயமுறுத்தும். ஹர்ஸ்ட் இடுக்கில் ஆழம் 50 மீட்டருக்கும் மேல். அங்கே இன்ஜின் நின்றால் உங்கள் நங்கூரக் கயிறு தரையைத் தொடவே தொடாது. வெளியே ஓடும் நீர் உங்களை ஷிங்கிள்ஸ் என்ற நீரடிச் சரளைக்கல் மேட்டுப் பக்கம் கொண்டுபோகும், அங்கே அலை உடைந்துகொண்டிருக்கும். எனவே இன்ஜின் முதல்முறை இருமியதுமே, இடுக்குக்கு வெளியே, ஆழம் குறைந்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சீர்கெட்ட இன்ஜினோடு எதிர்நீரில் உள்ளே முட்டக் கூடாது.

பூல்பக்கம்:
நார்த் சேனலில் வந்தால் போதுமே? கடற்கரையை ஒட்டி, ஷிங்கிள்ஸுக்கு உள்பக்கமாக. நான் எப்போதும் அப்படித்தான். நீடில்ஸ் பக்கத்தில் இருக்கும் பாலம் என்ற மேட்டையும் தவிர்க்கலாம்.

சோளகம்:
நல்ல வழிதான், தென்மேற்கில் நானும் அதையே எடுப்பேன். ஆனால் கடைசியில் அதுவும் ஹர்ஸ்ட் முனையில்தான் வந்து சேரும், அந்தக் கடைசிக் கால் மைலை யாரும் சுற்றிப் போக முடியாது. நேரத்தை மாற்றாமல் பாதையை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான்.

லிமிங்டன்கரை:
பாட்டிலில் ஊற்றினேன். அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதில் பழுப்பு நிறத் துகள்கள்! டேங்க் மூடியைப் பார்த்தேன், தளத்தில் திருகும் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. இந்தக் கோடையில் பெய்த மழையெல்லாம் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது போல. வளையத்தையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டேன். டேங்கை என்ன செய்வது? பயணம் போகும் முன் வானிலையை எதில் பார்க்கிறீர்கள்?

இன்ஜின்காரன்:
டேங்கின் மிகத் தாழ்ந்த மூலையில் குழாய் விட்டு அடியிலிருப்பதை உறிஞ்சி எடுங்கள். கைப் பம்ப் போதும், மின்சார பம்ப் எதையும் பெட்ரோல் பக்கம் கொண்டுவராதீர்கள், கேபின் கதவைத் திறந்து வையுங்கள். எடுத்ததை வடிகாலில் ஊற்ற வேண்டாம், மரினாவில் கொடுக்க இடம் இருக்கும். ஃபில்டர் முதல் சில ஓட்டங்களில் மறுபடியும் நிரம்பும். உதிரி ஃபில்டர் இரண்டும் அதைக் கழற்றும் பட்டைச் சாவியும் போட்டிலேயே இருக்கட்டும்.

சோளகம்:
வானிலைத் துறையின் கரையோர முன்னறிவிப்பில் செல்சி பில் முதல் லைம் ரெஜிஸ் வரையான பகுதி. செயலியில் வரும் அழகான அம்புக்குறிகளை அதற்குப் பிறகு பாருங்கள். கடலோரக் காவல்படை மூன்று மணிக்கு ஒருமுறை வி.எச்.எஃப். ரேடியோவில் வாசிக்கிறது, 16-ஆம் சேனலில் முதலில் அறிவிப்பார்கள். கிளம்பும் முன் நிஜ அலையைப் பார்க்க மில்ஃபோர்ட், பாஸ்கம் மிதவைகளின் அளவு இணையத்தில் உண்டு; காற்றுக்கு பிராம்பிள் மேட்டுக் கருவி.

நிலையற்ற வாரத்தில் நான் பார்ப்பது காற்றழுத்தம் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்பதை. குளிர்முகம் (குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) கடக்கும்போது தென்மேற்குக் காற்று சட்டென்று வடமேற்காகத் திரும்பும், அதன் பின்னால் மழைமேகங்கள் வரிசையாக வரும். ஸ்டட்லண்ட் மேற்குக் காற்றுக்கு நல்ல மறைப்பு, கிழக்குக் காற்று வந்தால் இரவோடு இரவாகப் புறப்பட வேண்டியிருக்கும். அங்கே கடற்புல் பகுதியில் நங்கூரம் போடாமல் தள்ளி நில்லுங்கள்.

லிமிங்டன்கரை:
சரி. அடுத்த சனி சின்ன ஏற்றம், காற்று மேற்கு 3 முதல் 4. வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள், தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இன்ஜின்காரன்:
தனியாக என்றால் ஹர்ஸ்டுக்கு வெளியே வேண்டாம். யார்மவுத்துக்கும் கௌஸுக்கும் நடுவில் காற்றும் ஓட்டமும் முட்டும் இடம் கிடைக்கும். முழு டேங்க் போட்டு, அங்கே அரைமணி நேரம் வேண்டுமென்றே குலுக்கி ஓட்டுங்கள். நிறுத்துக் கயிற்றைக் (நீங்கள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு) காலில் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஃபில்டரைப் பாட்டிலில் ஊற்றுங்கள். அது தெளிவாக இருந்தால் அப்புறம் வீட்டாரிடம் பேசலாம்.