பதினான்குக்குப் பத்து அடி ஹாலில் ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்: இடம் போதுமா, மகனின் ஷட்டில் பயிற்சியைக் கெடுக்குமா?

கேள்வி: மடிப்பாக்கம் மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து அடுத்த மாதம் வரவிருக்கும் என் கொழுந்தனார், நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியையும் கையை வீசி விளையாடும் ‘நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’ விளையாட்டையும் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத்தான் சில தயக்கங்கள்.

எங்கள் ஹால் பதினான்கு அடி நீளமும் பத்து அடி அகலமும் கொண்டது. அதில் சோபா, டீப்பாய், கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் இருக்கின்றன. நடுவில் மின்விசிறி சுற்றுகிறது. பதினொரு வயதான என் மகன் மாலை வேளைகளில் முறையாக இறகுப்பந்துப் பயிற்சிக்குச் சென்று வருகிறான். வீட்டில் கையை வீசி விளையாடி, அங்கே பயிற்றுநர் பாடுபட்டுத் திருத்திய அடிகளெல்லாம் கெட்டுப்போகுமோ என்று அஞ்சுகிறேன். ‘இதுவும் உடற்பயிற்சிதானே’ என்று என் கணவர் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, தோள்பட்டை இறுக்கத்தால் சிரமப்படும் என் மாமனாரும் ‘எனக்கும் ஒரு கை கொடுங்கள்’ என்கிறார். பயன்படுத்திப் பார்த்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வன்பொருள் விரும்பி

சகோதரிக்கு வணக்கம். இந்தக் கருவி எதை உணர்கிறது, எதை உணர்வதில்லை என்பது தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். ஜாய்கான் எனப்படும் சிறிய கைக்கருவிக்குள் வேகம் மாறுவதை உணரும் முடுக்கமானி ஒன்றும், சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் ஒன்றும் இருக்கின்றன. கை எவ்வளவு வேகமாக வீசப்பட்டது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை இவை இரண்டும் சேர்ந்து நன்றாகவே கணித்துவிடும். ஆனால் அந்தக் கை அறையின் எந்த மூலையில் இருக்கிறது, ஆடுபவர் ஓர் அடி முன்னால் வந்தாரா பின்னால் போனாரா என்பது அதற்குத் தெரியாது. முடுக்கத்தை வைத்து இடத்தைக் கணக்கிட முயன்றால் சிறு பிழைகள் நொடிக்கு நொடி பெருகி, கணக்கில் உங்கள் கை பக்கத்து வீட்டுக்கே போய்விடும். அதனால்தான் டென்னிஸிலும் இறகுப்பந்திலும் திரையில் உள்ள உருவம் பந்தை நோக்கித் தானாகவே ஓடுகிறது. தக்க தருணத்தில் கையை வீசுவது மட்டுமே நம் வேலை.

2006ஆம் ஆண்டு இதே நிறுவனம் வெளியிட்ட வீ கருவியில் நிலைமை இன்னும் எளிமையாக இருந்தது. கைக்கருவியில் முடுக்கமானியும், முனையில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் மட்டுமே இருந்தன. தொலைக்காட்சியின் மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ என்ற பட்டை பெயருக்குத்தான் சென்சார். உண்மையில் அதில் அந்தக் கேமரா பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகளைத் தவிர வேறெதுவும் கிடையாது. அது பழுதான வீடுகளில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து வேலையை ஒப்பேற்றியவர்கள் உண்டு. கைரோஸ்கோப் 2009இல்தான் மோஷன்பிளஸ் என்ற தனி இணைப்பாக வந்து சேர்ந்தது. 2010இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட், கையில் எதுவுமே வேண்டாம் என்று சொல்லி முழு உடலையும் கேமராவால் பார்த்தது. ஆனால் ஒருவர் ஆடவே அதன் முன்னால் ஏறத்தாழ ஆறடியும், இருவர் ஆட எட்டடியும் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஹால்களில் சோபாவை வாசலுக்கு வெளியே வைத்தால்தான் அது நடக்கும். அந்த வகையில் ஜாய்கான் நம் வீடுகளுக்கு ஏற்றது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இனி உங்கள் ஹாலுக்கு வருவோம். ஒருவர் ஆடுவதற்கு அது தாராளம். இரண்டு பெரியவர்கள் தோளோடு தோள் நின்று ஆடுவதற்குப் பத்தடி அகலம் போதாது. கைகளை இருபுறமும் விரித்தால் ஒருவரின் உயரம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும். ஆகவே ஒருவர் முன்னும் ஒருவர் சற்றுப் பின்னுமாக, குறுக்கே தள்ளி நிற்பதே நல்லது. டீப்பாயை முன்கூட்டியே படுக்கையறைக்குக் கடத்திவிடுங்கள்.

மேலைநாட்டுக் குறிப்புகளில் அவ்வளவாகப் பேசப்படாத ஆபத்து நம் மின்விசிறிதான். உங்கள் மகனுக்கு இப்போது அது எட்டாது. ஆனால் ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஒருவர் கையை முழுவதுமாக உயர்த்தினாலே ஏழரை அடிக்கு எட்டிவிடுவார். ஆட்ட வேகத்தில் ஒரு குதி குதித்து ஸ்மாஷ் அடித்தால் இறக்கையைத் தொட்டுவிடலாம். விசிறியை நிறுத்திவிட்டு, அதன் நேர்கீழே நிற்காமல் ஆடுங்கள். காற்றுக்கு மூலையில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் போதும். ஜாய்கானைச் செருகிக்கொள்ள பிளாஸ்டிக் மட்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன; அவற்றால் ஆட்டத்துக்கு எந்த நன்மையும் இல்லை, கையின் நீளம் கூடுவதுதான் மிச்சம்.

மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் யாரையும் தொடவிடாதீர்கள். வீ காலத்தில் பந்துருட்டும் (பவுலிங்) ஆட்டத்தில் கை முன்னால் வரும்போது பொத்தானை விட வேண்டும். பொத்தானோடு சேர்த்துக் கருவியையே விட்டவர்கள் பலர். மெல்லிய கயிறும் அறுந்து தொலைக்காட்சிகள் உடையவே, 2006 டிசம்பரில் நின்டெண்டோ தடித்த பட்டைகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ரப்பர் உறையும் வந்தது. சென்னை வியர்வையில் வழுக்குவது இன்னும் எளிது என்பதால் பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும்.

மறுமொழி 2: மதுரைப் பயிற்றுநர்

நான் பள்ளி மாணவர்களுக்கு இறகுப்பந்து கற்பிப்பவன். என் மாணவர்களில் சிலர் வீட்டில் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். அடி கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு அவ்வளவாக இடமில்லை. அதே வேளையில், இதனால் ஆட்டம் மேம்படும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

காரணம் எளிது. இறகுப்பந்து மட்டை எண்பது தொண்ணூறு கிராம் எடையும், 68 செ.மீ. வரை நீளமும் கொண்டது. எடையின் ஒரு பகுதி பிடியிலிருந்து வெகுதொலைவில், தலைப்பகுதியில் இருக்கிறது. ஜாய்கானோ ஐம்பது கிராம் அளவில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் துண்டு. இரண்டையும் வீசும்போது முன்னங்கை உணரும் பாரம் முற்றிலும் வேறு. மட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலத் தளர்வாகப் பிடித்து, ஷட்டிலைத் தொடும் அந்தக் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கச் சொல்லித் தருகிறோம். இந்தச் சிறிய கருவியையோ, நழுவிவிடுமே என்ற பயத்தில் பிள்ளைகள் தொடக்கம் முதல் இறுதிவரை இறுக்கியே பிடிக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கவனியுங்கள். பயிற்சிக்கு வந்தவுடன் முதல் சில அடிகளில் பிடி இறுகியிருந்தால் பயிற்றுநரே கண்டுகொள்வார்.

அதைவிடப் பெரிய வேறுபாடு கால்களில் இருக்கிறது. எதிராளி அடிக்கும் கணத்தில் இலேசாகத் துள்ளி நின்று, மூலைக்கு ஓடி, அடித்துவிட்டு மீண்டும் நடுவுக்குத் திரும்பும் அந்தக் கால்வேலைதான் இந்த ஆட்டத்தின் உயிர். முதலில் மறுமொழி எழுதிய நண்பர் சொன்னதுபோல், திரையில் அதையெல்லாம் இயந்திரமே செய்துவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டி வெற்றி பெறத் தொடங்குவார்கள். அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். விளையாட்டின் விதிக்குள் அது குற்றமில்லை. பொத்தானை அழுத்தியபடி வீசினால் வலைக்கு அருகே மெதுவாக விழும் டிராப் அடி வருகிறது. அதை எப்போது அடிப்பது, எப்போது எதிராளியைப் பின்னால் தள்ளுவது என்ற யோசனை மட்டும் உண்மையான களத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

பயிற்சி முடித்துக் களைத்த தோளோடு வந்து அன்றைக்கே வீட்டில் நெடுநேரம் வீசக் கூடாது என்பது ஒன்றே என் கட்டுப்பாடு.

மறுமொழி 3: இயன்முறை மருத்துவர்

‘இதுவும் உடற்பயிற்சிதானே’ என்ற கேள்விக்கு ஒரு பழைய ஆய்வு நேரான விடை தருகிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயது வரையுள்ள பதினொரு பேரை, வீ கருவியின் கைவீசும் விளையாட்டான வீ ஸ்போர்ட்ஸ் ஆடவைத்து அவர்களின் ஆற்றல் செலவை அளந்து, 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்தபடி ஆடும் வீடியோ விளையாட்டைவிட இதில் பாதிக்கும் மேல் கூடுதலாக ஆற்றல் செலவானது உண்மை. ஆனால் அதே விளையாட்டுகளை மைதானத்தில் ஆடுவதற்கு அது ஈடாகவில்லை. பிள்ளைகளுக்குரிய அன்றாட உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கும் வரவில்லை. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், கால்கள் நகராத ஆட்டத்தில் வேறு முடிவை எதிர்பார்க்கவும் முடியாது. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை உங்கள் மகனின் மாலைப் பயிற்சி பார்த்துக்கொள்ளட்டும். மழையால் பயிற்சி நின்ற நாளில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல்.

எடை இல்லாத கருவியால் காயம் வராது என்று எண்ண வேண்டாம். 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு மருத்துவர் எழுதிய கடிதம் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். 29 வயதுள்ள ஒருவர் வீ டென்னிஸைப் பல மணி நேரம் ஆடிவிட்டு, தோள்பட்டையின் பின்புறத் தசைநாண் அழற்சியோடு கண்விழித்த கதை அது. உண்மையான டென்னிஸில் களைப்பு வந்து நம்மை நிறுத்திவிடும். இங்கே களைப்பு வருவதற்குள் கை நூற்றுக்கணக்கான முறை வீசிவிடுகிறது. பந்தின் எதிர்ப்பும் இல்லாததால் வீசிய கையை நிறுத்தும் சுமை முழுவதும் தோளின் சிறு தசைகள்மேல் விழுகிறது.

மாமனாரைப் பற்றி: பந்துருட்டும் ஆட்டத்தில் கை தோளுக்குக் கீழே முன்னும் பின்னும் ஊசலாடுவதால் அதுதான் அவருக்கு ஏற்றது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் வீ பந்துருட்டல் அவ்வளவு பரவியதற்கும் இந்த எளிமை ஒரு காரணம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் ஆடலாம். கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் இறகுப்பந்தும் வாலிபாலும் அவருக்கு இப்போதைக்கு வேண்டாம். ஆடிய அன்று இரவு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுக்க முடியாத அளவுக்கு வலி வந்தால், அவருக்குச் சிகிச்சை அளிப்பவரிடம் காட்டிய பிறகே மறுபடி ஆட வேண்டும். டைல்ஸ் தரையில் காலுறையோடு யாரும் ஆடக் கூடாது, வெறுங்கால்தான் பிடிமானம்.

மறுமொழி 4: தலைக்கவச ஆதரவாளன்

மேலே எழுதிய மூவரும் ஜாய்கானை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். மெட்டா குவெஸ்ட் போன்ற தலையில் மாட்டும் கருவியில் ‘லெவன் டேபிள் டென்னிஸ்’ ஆடிப் பார்த்தவர்கள் ‘கால் நகராது’ என்று சொல்ல மாட்டார்கள். அங்கே கேமராக்கள் தலையும் கையும் இருக்கும் இடத்தையே தொடர்ந்து கணிக்கின்றன. பந்து தொலைவில் விழுந்தால் நாம்தான் எட்டு வைத்துப் போக வேண்டும். மேசைப் பந்து ஆடுபவர்களே பயிற்சிக்காக அதைப் பயன்படுத்துகிறார்கள். நின்டெண்டோவின் விளையாட்டு குழந்தைத்தனமானது என்பது என் கருத்து.

ஆனாலும் இந்த வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் ஆட, மற்றவர்கள் அவர் காற்றில் கை வீசுவதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். ஆடுபவருக்கு ஷோகேஸும் தெரியாது, குறுக்கே வரும் பாட்டியும் தெரியாது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் காலியாக வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மெட்டா அனுமதிப்பதும் இல்லை. இல்லாத மேசைமேல் கையை ஊன்றப்போய்த் தரையில் விழுந்தவர்களும் உண்டு.

கேள்வி கேட்டவர்: மடிப்பாக்கம் மாடிவீடு

அனைவருக்கும் மிக்க நன்றி. ஸ்விட்சே போதும் என்று முடிவு செய்துவிட்டோம். கீழ்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பதால் சத்தம் பற்றி மட்டும் தயக்கமாக இருக்கிறது. கொழுந்தனாரிடம் எந்த மாதிரியை வாங்கச் சொல்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

மறுமொழி 5: வன்பொருள் விரும்பி

விலை குறைவாக இருக்கிறதே என்று ஸ்விட்ச் லைட்டை மட்டும் வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் கைக்கருவிகள் தனியே பிரிந்து வராது. தொலைக்காட்சியிலும் இணைக்க முடியாது. சாதாரண ஸ்விட்ச் அல்லது ஓஎல்இடி மாதிரியோடு வரும் ஒரு ஜோடி ஜாய்கானால் இருவர் டென்னிஸோ இறகுப்பந்தோ ஆடலாம். கால்பந்துக்கு மட்டும் ஒருவருக்கே இரண்டும் தேவைப்படும் என்பதால், அண்ணன் தங்கை சண்டையைத் தவிர்க்க நினைத்தால் இன்னொரு ஜோடி நல்ல முதலீடு. சிங்கப்பூரில் வாங்கிய விளையாட்டு இங்கேயும் ஓடும், மண்டலத் தடை இல்லை. சார்ஜர் நம் மின்னழுத்தத்தை ஏற்கும். அங்குள்ள சதுர முனைப் பிளக்குக்கு ஓர் அடாப்டர் மட்டும் வேண்டும். கோல்ஃபும் கூடைப்பந்தும் பின்னர் இலவசமாகச் சேர்க்கப்பட்டவை. இணையம் வழியே தரவிறக்கிக்கொள்ளலாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, இந்த விளையாட்டில் எதற்குமே உண்மையில் குதிக்கத் தேவையில்லை. வாலிபாலில்கூடக் கையை உயர்த்தினால் போதும், ஆனால் பிள்ளைகள் குதிக்காமல் இருக்க மாட்டார்கள். இரவு உணவுக்குப் பின் பந்துருட்டலும் கோல்ஃபும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உடற்பயிற்சிக்கென்றே தனியாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால் ஜாய்கானைச் செருகிய வளையத்தைப் பிடித்து ஆடும் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ இருக்கிறது; நின்ற இடத்தில் ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி எழும் சத்தமில்லா முறை அதில் உண்டு. அந்த எண்ணம் இருந்தால் ஸ்விட்ச் 2 வாங்கும் முன் யோசியுங்கள். அதன் புதிய ஜாய்கான்கள் அந்த வளையத்தில் பொருந்தாது, பழைய ஜோடியைத் தனியே வாங்க வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சி அமைப்பில் ‘கேம் மோடு’ என்பதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் சற்றுத் தாமதமாக வந்து, சரியாக வீசியும் தவறிப்போகும். வீச்சு கோணலாகத் தெரிந்தால், கைக்கருவியைச் சமமான மேசையில் வைத்து அமைப்புப் பக்கத்தில் அளவுதிருத்தம் செய்தால் சரியாகிவிடும். தரவிறக்கப் பதிப்பு வேண்டாம், பெட்டியில் வரும் பதிப்பையே வாங்கச் சொல்லுங்கள். தொடையில் கட்டி உதைத்து ஆடும் கால்பட்டை அதில்தான் கூடவே வருகிறது.