டைவ் மாஸ்டர் கூடவே வரும்போது தனியாக ஒரு ஜோடி எதற்கு?

கரையோரம்:
ஸ்கூபா டைவிங்கில் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது. இதுவரை மொத்தம் 9 டைவ். அடுத்த மாதம் புதுச்சேரி டெம்பிள் ரீஃப் போகிறேன், ஆழம் 18 மீட்டர் என்றார்கள். தெரிந்தவர் யாரும் வரவில்லை, படகில் யாரோடாவது ஜோடி சேர்த்துவிடுவார்களாம். வழிகாட்டியான டைவ் மாஸ்டர் முன்னால் போகும்போது, முன்பின் தெரியாத ஒருவரை ஒட்டிக்கொண்டே நீந்த வேண்டுமா? அப்படியே ஆனாலும் எவ்வளவு நெருக்கம்? அந்த ஆளிடம் என்னென்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?

நீலம்_18:
டைவ் மாஸ்டர் நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு முன்னால் போவார். அவர் முகம் பாதி நேரம் பாறைப் பக்கம் இருக்கும். உங்களுக்கும் அவருக்கும் நடுவே 8 மீட்டர் இருந்தால் அவர் இல்லாத மாதிரிதான்.

ஏன் என்றால், சிலிண்டர் தீர்ந்தது மூச்சை இழுக்கும்போதுதான் தெரியும். ஓரிரு மூச்சு இறுக்கமாக வரும், அப்புறம் ஒன்றும் வராது. அந்த நேரம் நுரையீரலில் இருப்பது வெளியே விட்டு முடித்த மிச்சம். அதை வைத்துக்கொண்டு 8 மீட்டர் துரத்தி, ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) பிடித்து இழுத்து, அவர் திரும்பும்வரை காத்திருக்க முடியாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் 2 மீட்டர், கலங்கல் என்றால் கை நீட்டினால் தொடும் தூரம். முன்னும் பின்னுமாகப் போகாமல் தோளுக்குத் தோள் நீந்துங்கள். பின்னால் வருபவருக்கு ஒன்று ஆனால் முன்னால் போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது காற்றுக் கணக்கு. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தை 'பார்' அளவில் சொல்வார்கள். "50 பாரோடு படகுக்கு வாருங்கள்" என்பார்கள். அந்த 50 எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு மேலே வர எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர், இருவருக்கும் 50. 18 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு, காற்றும் அத்தனை மடங்கு செலவாகும், அங்கே நிதானித்துக்கொள்ள ஒரு நிமிடம்: 140 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர்வரை ஏற: சுமார் 160. அங்கே 3 நிமிட சேஃப்டி ஸ்டாப் (ஏறும் வழியில் நின்று காத்திருப்பது): 225. கடைசி 5 மீட்டரை மெதுவாக ஒரு நிமிடத்தில் ஏற: 60 சொச்சம். கூட்டினால் ஏறக்குறைய 590 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில், 11-ஆல் வகுத்தால், அது 53 பார்! கொஞ்சம் கையிருப்பும் சேர்த்தால், 18 மீட்டரில் இருவரில் ஒருவர் கேஜ் (அழுத்தமானி) 70-ஐத் தொட்டதும் இருவரும் மேலே கிளம்ப வேண்டும். இதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டால் 80 பார் வரும்.

ஓ_ரிங்:
நீலம் சொன்ன கணக்கு சரி, ஆனால் முதலில் சிலிண்டர் திறந்திருக்க வேண்டுமே.

வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பும் பழைய பழக்கம் இன்னும் பல படகுகளில் இருக்கிறது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், திசை குழம்பிய ஒருவர் முழுக்க மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறந்து வைத்துவிடுவார். கேஜ் 200 காட்டும். படகில் ஒரு மூச்சு இழுத்தால் நன்றாகவே வரும். 15 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்று தேவைப்படும்போது அந்தச் சின்ன இடுக்கு போதாது. அதனால் ஜோடியின் ரெகுலேட்டரில் (மூச்சுக் கருவி) அவரே நாலு மூச்சு ஆழமாக இழுக்கட்டும், நீங்கள் அவர் கேஜைப் பாருங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பதை அவரால் பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பிறகு பிசிடியை (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) ஊதி, காற்றையும் வெளியேற்றிப் பாருங்கள். வெயிட் பெல்ட் (ஈயக்கட்டி கோத்த பெல்ட்) கொக்கி எந்தக் கையால் திறக்கும், ஒருங்கிணைந்த வெயிட் பை என்றால் எங்கே இழுக்க வேண்டும், இவற்றை இருவரும் கையால் தொட்டுக் காட்டிக்கொள்ளுங்கள். வாடகைக் கருவிகளில் இது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக்டபஸ் (ஜோடிக்குக் கொடுக்கும் உதிரி வாய்ப்பகுதி) தாடைக்கும் விலாவுக்கும் நடுவே, பார்த்த உடனே தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பிசிடி பைக்குள் செருகி வைத்திருந்தால் எடுத்து மாட்டச் சொல்லுங்கள். கொடுக்கும்போது மஞ்சள் ஹோஸ் முறுக்கிக்கொண்டால் வாய்ப்பகுதி தலைகீழாகப் போய் தண்ணீரும் உள்ளே வரும். வாங்குபவர் முதலில் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஊத மூச்சில்லை என்றால் பர்ஜ் பொத்தானை அழுத்தலாம், சிலிண்டர் காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். பிறகு ஒருவர் கையை ஒருவர் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மூச்சு நிதானமான பிறகுதான் ஏறத் தொடங்க வேண்டும்.

வலைக்கண்:
நம் கரையில் பெரிய தொல்லை அறுந்த வலை. பாறைகளில் சுற்றிக் கிடக்கும், நைலான் நூல் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் தலைக்குப் பின்னால், சிலிண்டர் வால்விலும், அதில் பொருத்தும் ரெகுலேட்டர் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலும்தான் மாட்டும். முன்னால் நகர முடியவில்லை, எது இழுக்கிறது என்று தெரியவில்லை. உடனே எல்லோரும் செய்வது திரும்பிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப நூல் இன்னும் ஒரு சுற்று சுற்றும். செய்ய வேண்டியது: அசையாமல் நின்று, ஜோடியைக் கூப்பிட்டு, பின்பக்கத்தைக் காட்டுவது. அவர் நூலை இழுக்காமல் ஒவ்வொன்றாக வெட்டுவார். கத்தியைவிடச் சின்ன லைன் கட்டர் நல்லது, ஹோஸை அறுத்துவிடும் பயம் குறைவு. அதைக் காலில் கட்டாமல் நெஞ்சுப் பக்கம், இரண்டு கைக்கும் எட்டும்படி மாட்டுங்கள்.

முத்துக் குளிப்பவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று பழைய பேச்சு உண்டு. கூடப் பிறந்தவள் தாலி அறுவதை அவன் விடமாட்டான் அல்லவா. படகில் கிடைக்கும் ஜோடிக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்: என்ன ஆழம், எத்தனை பாரில் திரும்புவது, யார் வழி காட்டுவது, கேமரா இருக்கிறதா. கேமராக்காரர் ஜோடியாக வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார், வேறு ஆள் கேளுங்கள் :)

பெருங்கடல்_தனியன்:
ஜோடி இருந்தாலே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. மோசமான ஜோடி உங்கள் காற்றையும் சேர்த்துத் தீர்ப்பார். தனியாக டைவ் செய்யவே முறையான பயிற்சி இருக்கிறது. எஸ்டிஐ என்ற பயிற்சி நிறுவனத்தின் சோலோ பாடத்துக்கு 21 வயதும் 100 டைவும் வேண்டும், தனி ரெகுலேட்டர் பொருத்திய இரண்டாவது சிலிண்டரும் கூடவே போக வேண்டும்.

ஓ_ரிங்:
அது 100 டைவ் முடித்தவருக்கு. கேட்டவரிடம் இருப்பது 9. அந்தச் சின்ன சிலிண்டர் காற்றுத் தீர்ந்தால் உதவும், பின்னால் மாட்டிய வலையை வெட்டித் தராது.

கரையோரம்:
நன்றி, நிறையத் தெளிந்தது. இரண்டு சந்தேகம். கலங்கலில் ஜோடியைத் தவறவிட்டால்? கேஜைப் பார்க்காமல் அவரிடம் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எப்படிக் கேட்பது?

நீலம்_18:
தவறவிட்டால் ஒரு நிமிடம், அதற்கு மேல் தேடாதீர்கள். இருந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்று திரும்பி, மேலும் கீழும் குமிழி தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் சாதாரண வேகத்தில் மேலே வாருங்கள், அவரும் அதையே செய்வார் என்பதுதான் ஒப்பந்தம். நடுவில் சேஃப்டி ஸ்டாப் உண்டா இல்லையா என்று படகிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் 5 மீட்டரில் 3 நிமிடம் தொங்க, மற்றவர் மேலே தவித்துப் படகுக்காரரையும் கலவரப்படுத்த வேண்டாம்.

காற்றுக்கு: ஒரு கையின் இரண்டு விரலை மறு உள்ளங்கையில் தட்டினால் "எவ்வளவு?" என்று அர்த்தம். பதில் சொல்லும் முறை இடத்துக்கு இடம் மாறும், சிலர் நூறுகளை முன்கையில் விரல் வைத்துக் காட்டுவார்கள், சிலர் பாதி சிலிண்டருக்கு இரு கையாலும் 'டி' போடுவார்கள். அவர் வழக்கம் எது என்று குதிக்கும் முன் கேளுங்கள். அப்புறம், மீன் அழகாக இருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடாதீர்கள். "டைவை முடித்து மேலே போகலாம்" என்று எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார்.