விரல் பெயின்ட் கூழ் கட்டி தட்டுது, மறுநாள் தண்ணியாகுது. எங்கே தப்பு?

தும்பி:
ரெண்டரை வயசுப் பிள்ளைங்க விளையாட சோள மாவுல விரல் பெயின்ட் காய்ச்சுறோம். ஒரு கப் தண்ணிக்கு மூணு டேபிள்ஸ்பூன் மாவு. கொதிக்கிற தண்ணியில மாவைக் கொட்டினா கட்டி கட்டியா நிக்குது. நல்லா வந்த கூழும் மறுநாள் நீர்த்துப் போகுது. கலருக்கு மஞ்சள்தூள். அந்தக் கறை சோப்பு பட்டா சிவப்பாகுது. ஒரு பிள்ளை கூழைத் தொடவே மாட்டேங்குது.

வண்ணக்கூழ்:
அளவு சரிதாங்க, வரிசைதான் தப்பு. வெந்நீர்ல விழுந்த மாவு வெளிப்பக்கம் உடனே வெந்து பிசின் மாதிரி மூடிக்கும். உள்ளே பச்சை மாவு அப்படியே நிக்கும், அதுதான் கட்டி. முதல்ல கால் கப் பச்சைத் தண்ணியில மாவைக் கரைச்சுக்கோங்க. மீதி முக்கால் கப்பைச் சூடாக்கி, கரைசலை அதுல ஊத்தி, சிறு தீயில அடிபிடிக்காம கிண்டுங்க. பால் மாதிரி வெள்ளையா இருக்கிறது திடீர்னு கண்ணாடி மாதிரி ஆகும். ஒரு கொதி வந்ததும் இறக்கிடுங்க. ஆறுற வரைக்கும் நடுநடுவே கிண்டினா ஆடை கட்டாது. தட்டுல கொஞ்சம் விட்டு விரலால கோடு இழுங்க. கோடு மூடாம நின்னா அதுதான் பதம்.

பீட்ரூட் சாறு சேர்க்கிறதா இருந்தா ஆறின பிறகுதான். சூட்டுல பழுப்பாயிடும். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு இதுக்கு ஆகாது. கரகரன்னு நிக்கும். வெள்ளை கார்ன்ஃப்ளவர்தான் வேணும்.

பால்வாடி டீச்சர்:
மறுநாள் நீர்த்துப் போறதுக்கு முக்கியமான காரணம் எச்சில். விரலை நக்கிட்டு அதே கிண்ணத்துல கைவிட்டா, எச்சில்ல இருக்கிற அமிலேஸ் மாவுச்சத்தை உடைச்சிடும். அதனால டப்பாவை அப்படியே கொடுக்காதீங்க. ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் தட்டுல வைங்க, மிஞ்சினதைக் கொட்டிடுங்க. கை படாத கூழ் ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும். மேலே கொஞ்சம் நீர் பிரிஞ்சா கலக்கிக்கலாம். புளிச்ச வாடை வந்தா வேண்டாம்.

தொடாத பிள்ளையோட கையைப் பிடிச்சு முக்கவே கூடாது. ஜிப் கவர்ல நாலு ஸ்பூன் கூழும் ரெண்டு கலரும் போட்டு, காத்தை வெளியேத்தி, வாயை டேப் ஒட்டி தரையில ஒட்டிடுங்க. மேலேயிருந்து அழுத்தி விளையாடட்டும். அடுத்து ஸ்பூன், அப்புறம் ஒரு விரல் நுனி. பக்கத்துலயே தண்ணிக் கிண்ணமும் துண்டும் கண்ணுல படுற மாதிரி இருக்கணும். வேணும்னா உடனே கழுவிக்கலாம்னு தெரிஞ்சாதான் பிள்ளை துணிஞ்சு தொடும்.

கீழே நியூஸ்பேப்பர் வேண்டாம், நனைஞ்சா வழுக்கும். பழைய பெட்ஷீட் போதும்.

தும்பி:
ரொம்ப நன்றிங்க. உப்பு மாவு உருண்டை கொடுக்கலாமா?

பால்வாடி டீச்சர்:
இந்த வயசுக்கு வேண்டாங்க. ஒரு உருண்டை முழுங்கினாலே உடம்புல உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறிடலாம். பச்சை மைதாவுலயும் கிருமி இருக்கலாம்.

வண்ணக்கூழ்:
மஞ்சள் கறைக்குப் பயப்படாதீங்க. சோப்புல காரம் இருக்கு, மஞ்சள் காரம் பட்டா சிவக்கும். ஆரத்தித் தண்ணி சிவக்கிறதும் இப்படித்தான். நல்லா அலசி வெயில்ல போடுங்க, ரெண்டு மூணு வெயில்ல வெளுத்திடும்.

இதையே ஒரு விளையாட்டா ஆக்கலாம். மஞ்சள் கூழ் தடவின தாளைக் காயவச்சு, அரை டம்ளர் தண்ணியில ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைச்சு பிரஷ்ஷால வரையச் சொல்லுங்க. கோடு செம்பழுப்பா எழும்பும். மேலே எலுமிச்சைச் சாறு சொட்டினா திரும்ப மஞ்சளாகும். ஆரத்திக்குப் போடுற சுண்ணாம்பை மட்டும் எடுத்துடாதீங்க, கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம்.