புது எரிமலைப் பாறையில் முதலில் வருவது லைக்கன்தானா?

மலர்வனம்:
லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிர்), மாஸ் (உண்மையான வேரில்லாத குட்டிப் பச்சைச் செடி), புல், புதர், மரம் என்று பாடப்புத்தகத்தில் வரிசை இருக்கிறது. லைக்கன் பாறையை அரித்து மண்ணாக்கிய பிறகுதான் மற்றவை வருமாம். ஆனால் பல லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பரவுவதில்லை. அப்புறம் எப்படிப் புதுத் தீவுகள் சில பத்தாண்டுகளிலேயே பச்சை கட்டுகின்றன?

கருங்கல்:
அந்த வரிசையைச் சட்டம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐஸ்லாந்து அருகே 1963 நவம்பரில் கடலிலிருந்து எழுந்த சர்ட்சியில் அது தலைகீழாகத்தான் நடந்தது. கடுகுக் குடும்பத்துக் கரையோரச் செடி ஒன்று 1965-இலேயே முளைத்துவிட்டது. மாஸ் 1967-இல், லைக்கன் 1970-இல்தான் வந்தன. காரணம் தரைதான். நகரும் மணலிலும் சாம்பலிலும் லைக்கனால் ஒட்டிக்கொள்ள முடியாது. வேருக்கோ அங்கே இறங்க இடமுண்டு. இறுகிய லாவாவில் கதை வேறு. ஹவாயின் மழைப்பக்கத்தில் ஸ்டீரியோகாலான் லைக்கன் சில ஆண்டுகளிலேயே பாறையைச் சாம்பல் நிறமாக மூடிவிடும்.

வேர்முடிச்சு:
என்னைக் கேட்டால் மண்ணைவிட நைட்ரஜன்தான் பெரிய தடை. எரிமலைப் பாறையில் கால்சியம், இரும்பு, பாஸ்பரஸ் எல்லாம் இருக்கும். நைட்ரஜன் கிட்டத்தட்ட இருக்காது. நீலப்பச்சைப்பாசியோ, வேர்முடிச்சில் பாக்டீரியா வாழும் செடியோ அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தரவேண்டும். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு அங்கே வேரூன்றிய, பயறுக் குடும்பத்து லூபின் அப்படிப்பட்ட செடி. ஆனால் அது பரவிய வேகத்தைப் புழுக்கள் மட்டுப்படுத்தின. லூபின் திட்டுகளின் ஓரத்தில் தனித்து முளைத்தவற்றுக்குத்தான் அடி அதிகம். சர்ட்சியில் இந்தப் பஞ்சத்தைத் தீர்த்தது பறவை எச்சம். 1986 முதல் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டிய இடத்தில் மட்டும் புல் அடர்ந்தது.

சிலந்திவலை:
செடிக்கு முன்பே விலங்கும் வரலாம். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலைத் தீவு வெடித்தது. அடுத்த ஆண்டு அங்கே போனவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு குட்டிச் சிலந்தி. காற்று கொண்டுவந்து போடும் பூச்சிகள்தான் இப்படிப்பட்ட இடத்தில் இரை. அவற்றின் உடலும் மட்கி நைட்ரஜனாகும். 1886-இல் தாவரவியலாளர் ட்ரூப் அங்கே பார்த்தபோது சாம்பல்மேல் நீலப்பச்சைப்பாசி வழவழப்பாய்ப் படர்ந்திருந்தது, கூடவே பெரணிகள். அந்த வழவழப்பு ஈரத்தைப் பிடித்துவைத்ததால்தான் பெரணியின் வித்துகள் முளைத்தன என்பது அவர் கருத்து.

மலர்வனம்:
அப்படியானால் ஓரிடத்தில் தடை நைட்ரஜனா ஈரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேர்முடிச்சு:
நாற்றைப் பாருங்கள். முளைத்து, அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, வளராமல் நின்றால் பெரும்பாலும் நைட்ரஜன் பஞ்சம். முளைக்கவே இல்லை, அல்லது முளைத்த வாரமே சுருண்டுவிட்டது என்றால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். வேரோடு பெயர்ந்து கிடந்தால் இரண்டும் இல்லை, பரப்பு நகர்கிறது.