பைன்நோட்டா, கோபோவா? நூலகம் ஸ்கேன் வாசிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிப்பெடியன்:
கோபோ எண்ட மின்நூல் வாசிப்பான்ல கேஓரீடர் எண்ட இலவச வாசிப்புச் செயலியப் போட்டாலே காணும், கனக்கக் காசு குடுத்து பைன்நோட் எண்ட பெரிய மின்தாள் பலகைய எடுக்கிறது விசர் வேலை எண்டு டச்பே அக்கா எழுதியிருக்கிறா. அக்கா, நான் வாசிக்கிறது முக்கால்வாசி நூலகம் எண்ட இலங்கைத் தமிழ் மின்நூலகத் தளத்துப் பிடிஎஃப், பழைய சஞ்சிகை, கும்பாபிஷேக மலர், எல்லாம் ஸ்கேன், அதை 6 இஞ்சில போட்டா பூதக்கண்ணாடி வேணும். பைன்நோட் 10.3 இஞ்சி, 1404க்கு 1872 புள்ளி, ஒரு பக்கம் முழுசா நிக்குது. உள்ளுக்க டெபியன் எண்ட திறந்த லினக்ஸ் இயங்குதளம், எனக்கு விருப்பமான தமிழ் எழுத்துருவப் போடலாம், பேனையால ஓரத்தில குறிப்பும் எழுதலாம்.

டச்பே அக்கா:
தம்பி, கேஓரீடர்ல ரீஃப்ளோ எண்டு ஒண்டு இருக்கு, பாத்தனீரே? ஸ்கேன் பக்கத்தில ஒவ்வொரு சொல்லையும் படமாவே வெட்டி, பெருப்பிச்சு, வரி வரியா திருப்பி அடுக்கும். எழுத்தை அடையாளம் காணத் தேவையில்லாதபடியா தமிழுக்கும் வேலை செய்யும். பைன்நோட்ட செய்த ஆக்களே அது டெவலப்பருக்கும் ஆர்வலருக்கும் எண்டுதான் சொல்லினம். பற்றரி கோபோ மாதிரி வாரக்கணக்கில நிக்காது, பழுதானா திருமலை ரவுண்ல ஆரிட்ட குடுப்பீர்?

கிண்ணியா நானா:
சண்டை பிடிக்காதீங்க ரெண்டு பேரும். லினக்ஸ் எண்டா அமேசன்ட வாசிப்பான் கிண்டில்லயும் லினக்ஸ் தானே ஓடுது, பூட்டு ஆர்ர கையில எண்டதுதான் கதை. 2025 பெப்ரவரியில, காசு குடுத்து வாங்கின புத்தகத்த கம்பியூட்டர்ல இறக்கி யூஎஸ்பியால ஏத்துற வழிய அமேசன் எடுத்துட்டான். கோபோல அந்தத் தொல்லை இல்ல, ஈபப் எண்ட மின்நூல் கோப்ப வயர்ல போட்டா சரி.

உப்புவெளிப்பெடியன்:
நானா சொல்றது சரி, அதாலதான் நான் முழுசாத் திறந்த சாமான் கேக்கிறன். பற்றரிக் கதைய ஒத்துக்கொள்ளுறன், ஒவ்வொரு இரவும் சார்ஜ் போடுவன், போனுக்கும் அப்பிடிப் போடுறேல்லையே? ஆனா அக்கா, மூண்டு கொலம் பத்திரிகைப் பக்கம், நடுவில புடவைக்கடை விளம்பரம், அதை உங்கட ரீஃப்ளோவில போட்டு ஒரு படம் எடுத்து இஞ்ச போடுங்கோ, ஒழுங்கா வந்தா நான் பிறகு கதைக்கேல்ல.

டச்பே அக்கா:
கொலம் செட்டிங்க மூண்டாக்கி, மங்கின தாளெண்டா கொன்ட்ராஸ்டைக் கூட்டிப் பாரும். விளம்பரம் நடுவில நிண்டா குழம்பும், இல்லையெண்டு சொல்லேல்ல. அந்த மாதிரிப் பக்கத்துக்கு என்ர பழைய லப்டொப் இருக்கு. கட்டிலில சரிஞ்சு கிடந்து நாவல் வாசிக்க 10 இஞ்சிப் பலகையத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஏலாது, அதுக்கு கப்பல் காசும் சுங்கமும் வேற கட்டோணுமோ?

உப்புவெளிப்பெடியன்:
நீங்க நாவல் வாசியுங்கோ அக்கா, நான் மலர் வாசிக்கிறன். கேஓரீடர் ரெண்டிலயும் ஓடும்.

டச்பே அக்கா:
அப்ப விசர் வேலை எண்டது உமக்கு மட்டும் வாபஸ்.